ஜே.ஆர். பேசாட்டி யப்பான் நாலாப் பிரிஞ்சிருக்குமோ?

கேள்வி (வெள்ளவத்தையில இருந்து ஒரு தம்பி), செப்டம்பர் 6
பேஸ்புக்கில ஒரு போஸ்ட் பாத்தன் ஐயா. 1951 இல சன் பிரான்சிஸ்கோவில நடந்த யப்பான் சமாதான மகாநாட்டில எங்கட ஜே.ஆர். ஜெயவர்த்தனா எழும்பிப் பேசாட்டி யப்பானை ரஷ்யா, அமெரிக்கா, பிரித்தானியா, சீனா நாலு பேரும் பங்கு போட்டிருப்பினமாம். உண்மையோ? அப்பிடிப் பிரிஞ்சிருந்தா சிவப்பு யப்பான் ஒண்டும் முதலாளி யப்பான் ஒண்டும் இண்டைக்கும் இருந்திருக்குமோ, கொரியா மாதிரி?

செப்டம்பர் 6, இரவு
இல்லை. உது ஒவ்வொரு செப்டம்பரும் சுத்தி வாற கதை, எனக்கு வட்ஸ்அப்பிலயும் வந்திட்டுது.

பேச்சு உண்மை. 1951 செப்டம்பர் 6, ஜே.ஆர். அப்ப நிதி மந்திரி. பகையால பகை தீராது எண்ட புத்தரின்ர வாக்கைச் சொல்லி, எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் எண்டவர். சும்மா சொல்லேல்லை, 1942 இல கொழும்புக்கும் திருகோணமலைக்கும் குண்டு விழுந்தது, யுத்தத்துக்கெண்டு றப்பர் மரங்களை அளவுக்கு மிஞ்சி வெட்டிப் பால் எடுத்துச் சாக விட்டது, எல்லாத்துக்கும் கேக்க உரிமை இருக்கு ஆனா கேக்கேல்லை எண்டு. யப்பான்காரர் அதை மறக்கேல்லை. காமகுராவில பெரிய புத்தர் சிலை இருக்கிற கோயில் வளவில அவருக்கு நினைவுக்கல்லு நிக்குது, செத்தாப்பிறகு அவற்ற ஒரு கண்ணும் அங்க போனது. பகை தீராது எண்டு அங்க சொன்ன ஆள் 1983 ஆடிக் கலவர நேரம் இஞ்ச சனாதிபதியா இருந்துகொண்டு என்ன சொன்னவர் எண்டு கேட்டா அது வேற இழை, நான் அதுக்குள்ள போகேல்லை.

ஆனா 1951 இல யப்பானைப் பிரிக்கிற கதை மேசையிலயே இல்லை. ரஷ்யாவுக்காக வந்த குரோமிக்கோ கேட்டது யப்பானுக்கு வடக்கால கிடக்கிற தென் சகாலினும் குரில் தீவுகளும் தங்களுக்கு எண்டு எழுதோணும், பீக்கிங்கில இருந்த கம்யூனிஸ்ட் சீனாவைக் கூப்பிடோணும், வெளிநாட்டுப் படை வெளிக்கிடோணும், உப்பிடியான விசயங்கள். குடுக்கேல்லை, ரஷ்யாவும் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் கையெழுத்து வைக்காமப் போட்டினம். அவ்வளவுதான். பிரிக்கிறதோ இல்லையோ எண்டது அதுக்கு ஆறு வருசத்துக்கு முதல், 1945 ஆவணியில ஒரு கிழமைக்குள்ள முடிஞ்சுபோன அலுவல்.

செப்டம்பர் 6, கொஞ்சம் பிந்தி
நாலு பங்குக் கதை எங்கால வந்தது எண்டு கேட்டா, அது முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்க இராணுவத் திட்டக்காரர் 1945 இல உண்மையா ஒரு தாள் எழுதினவை. ரஷ்யாவுக்கு வடக்குத் தீவு ஹொக்கைடோவும் அதுக்குத் தெக்கால தோஹொகுவும், பிரித்தானியாவுக்கு கியூஷுவும் சுகொகுவும், சீனாவுக்கு ஷிகொகு, மிச்ச நடுப்பகுதி அமெரிக்காவுக்கு. ரொறன்ரோ அண்ணை, தோக்கியோ முழுக்க அமெரிக்காவுக்குத்தான் எண்டு நீங்கள் எழுதினது சரியில்லை, பெர்லின் மாதிரி அதையும் நாலாக் கூறு போடுறது எண்டுதான் அந்தத் தாளில. ஒசாகா பக்கம் அமெரிக்காவும் சீனாவும் சேந்து. தாள் தாளாவே கிடந்திட்டுது.

செப்டம்பர் 7
தம்பி இன்னும் விடேல்லை. அப்ப ஏன் பிரியேல்லை எண்டு கேக்கிறார். நல்ல கேள்வி, இதுக்குத்தான் நீட்டா எழுதோணும்.

1945 மாசியில யால்ரா மகாநாட்டில ஸ்டாலினுக்கு வாக்குக் குடுத்தாச்சு, யப்பானோட சண்டைக்கு வந்தா தென் சகாலினும் குரிலும் உமக்கு எண்டு. ஆவணி 9 ரஷ்யப் படை மஞ்சூரியாவுக்குள்ள இறங்கிட்டுது. 15 யப்பான் மன்னர் ரேடியோவில பேசிச் சரணடைஞ்சிட்டார். எந்தப் படை ஆரிட்டச் சரணடையிறது எண்ட பட்டியலை அமெரிக்க சனாதிபதி ட்ரூமன் ஸ்டாலினுக்கு அனுப்புறார். 16ஆம் தேதி ஸ்டாலின் மறுமொழி எழுதுறார், குரில் முழுக்க எனக்கு, ஹொக்கைடோவின்ர வடக்குப் பாதியும் எனக்கு, கோடு கிழக்குக் கரைக் குஷிரோவில இருந்து மேற்குக் கரை ருமோய்க்கு, ரெண்டு ஊரும் என்ர பக்கம். காரணமும் சொல்லுறார், 1919 இல இருந்து 1921 வரைக்கும் யப்பான்காரன் எங்கட தூரகிழக்கைப் பிடிச்சு வைச்சிருந்தவன், யப்பான் மண்ணில ஒரு துண்டிலயாவது எங்கட படை நிக்காட்டி எங்கட சனம் கோவிக்கும் எண்டு. 18 ட்ரூமன்: குரில் ஓம், ஹொக்கைடோ இல்லை. 22 ஸ்டாலின் இறங்கிற ஆயத்தத்தை நிப்பாட்டுறார்.

கொக்குவில் தம்பி அணுகுண்டுக்குப் பயந்துதான் விட்டவர் எண்டு எழுதியிருக்கிறீர். அப்பிடி ஒரு காரணத்தில கட்டாதையும். 18ஆம் தேதி குரிலில இருக்கிற ஷும்ஷு தீவில இறங்கின ரஷ்யப் படை அங்கயே நாலைஞ்சு நாள் இழுபட்டது, செத்ததும் கனபேர். இறங்கிறதுக்கு இருந்த படகுகளும் அமெரிக்கா அலாஸ்காவில வைச்சு, பழக்கியும் விட்டுக் குடுத்த படகுகள்! குடுத்தவன் வேண்டாம் எண்டேக்க அவன்ர படகிலயே போய் இறங்கிறது எண்டா யோசிக்கத்தானே வேணும்.

அதே 22ஆம் தேதி காலமை ருமோய்க்கு வெளியால என்ன நடந்தது எண்டதையும் ஆரும் சொல்லுறேல்லை. சகாலினில இருந்து சனத்தை ஏத்திக்கொண்டு வந்த மூண்டு கப்பலை நீர்மூழ்கியள் அடிச்சது. ரெண்டு தாண்டது, 1,700 பேருக்கு மேல போச்சினம், கூடப் பொம்பிளையளும் பிள்ளையளும். சோவியத் நீர்மூழ்கி எண்டுதான் ஆய்வாளர் சொல்லுறது. சரண் எண்டு சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகு. அடுத்த நாள் 23, யப்பான் கைதியளில 5 லட்சம் பேரை சோவியத்துக்கு வேலைக்குக் கொண்டுபோகச் சொல்லி ஸ்டாலின் ஒப்பம் வைக்கிறார். ஹொக்கைடோ கிடைக்காததுக்கு ஆளாவது வரட்டும் எண்டு நினைச்சாரோ எண்டு எனக்கு ஒரு எண்ணம், நிரூபிக்க ஏலாது.

செப்டம்பர் 7, பின்னேரம்
இன்னொண்டு. ஸ்டாலினின்ர 16ஆம் தேதிக் காயிதத்தில கொரியாவை ரெண்டாக்கின 38ஆம் அகலாங்குக் கோட்டைப் பற்றி ஒரு முணுமுணுப்பும் இல்லை. அந்தக் கோட்டைக் கீறினது ஆவணி 10 ராத்திரி, டீன் ரஸ்க் எண்ட ஒரு கேணலும் பொன்ஸ்ரீல் எண்ட இன்னொரு கேணலும், நஷனல் ஜியோகிரபிக் தேசப்படத்தை வைச்சுக்கொண்டு, அரை மணித்தியாலத்தில. கொரியாக்காரன் ஒருத்தனும் அறைக்குள்ள இல்லை.

யுத்தம் செய்தவன் யப்பான். துண்டானது அவன் 35 வருசம் அடக்கி வைச்சிருந்த கொரியா. கோபம் வருமெண்டா இதுக்குத்தான் வரோணும்.

செப்டம்பர் 8
நான் சேர்வேயர் வேலை பாத்து ஓய்வெடுத்தவன். ஆராவது இந்த ஊரில இருந்து அந்த ஊருக்குக் கோடு எண்டு சொன்னா எனக்குக் கை சும்மா இருக்காது. ராத்திரி ஹொக்கைடோத் தேசப்படத்தைப் பிரின்ற் எடுத்து அடிமட்டம் வைச்சுக் கீறிப் பாத்தன்.

முதலாவது, சப்போரோ தெக்கால நிக்குது, நல்லாவே தெக்கால. ஹகோதாதேயும். யூபாரி நிலக்கரிச் சுரங்கங்களும் தெக்கால. சிவப்பு ஹொக்கைடோ எண்டு இணையத்தில படம் போடுற பெடியள் எல்லாரும் நிலக்கரியைத் தூக்கி ரஷ்யாவுக்குக் குடுக்கினம், அந்தக் கோட்டின்படி குஷிரோவில இருக்கிற சுரங்கம் அங்கால போகுமே தவிர யூபாரி போகாது. ரெண்டாவது, ஆசாஹிகாவா. உள்ளுக்க இருக்கிற பெரிய பட்டணம், யப்பான் இராணுவத்தின்ர 7ஆம் டிவிசன் இருந்த இடம். அது கோட்டுக்கு ஒட்டினபடி வடக்கால விழுது, ஒரு பத்து கிலோமீற்றர்தான் மிச்சம். சப்போரோவில இருந்து ஆசாஹிகாவாவுக்குப் போற ரெயில் பாதையைக் கோடு வெட்டுற இடம் காமுய்கோடான். இஷிகாரி ஆறு ஒடுங்கிப் போற பள்ளத்தாக்கு, அந்தக் காலத்தில அங்க ஒரு சின்ன ஸ்ரேசனும் இருந்தது. செக்பொயின்ற் போடுறதுக்கெண்டே கடவுள் செய்து விட்ட இடம்!

38ஆம் கோட்டிலயும் இதே கூத்துத்தான். கேசொங் பட்டணம் கோட்டுக்குத் தெக்கால, 1950 வரைக்கும் தென்கொரியா. 1953 இல சண்டை நிண்டேக்க வடகொரியாவாப் போச்சு. ஒங்ஜின் எண்ட குடாநாடு தென்கொரியாவுக்குத்தான், ஆனா தரையால போறதெண்டா வடக்குக்குள்ளால போகோணும், அதால கடலால மட்டும் போய்வந்தது. குடாநாடு, கடலால மட்டும், எண்டு வாசிக்கேக்க எங்கட யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

செப்டம்பர் 8, இரவு
வேலிக் கதியால் அரை அடி தள்ளி நட்டதுக்குத் தலைமுறையா வழக்குப் பேசின சனத்துக்கு உது விளங்கும் எண்டு ஒருத்தர் கீழ எழுதியிருக்கிறார். நான் அந்த வழக்குகளுக்குப் படம் கீறிச் சாப்பிட்டவன், சிரிக்க உரிமை இல்லை.

செப்டம்பர் 10
ரொறன்ரோ அண்ணை மடக்கிற மாதிரி ஒரு கேள்வி போட்டிருக்கிறார். கோடு கீறிப் படை நிண்டா நாடு பிரியும் எண்டா ஒஸ்ரியா ஏன் பிரியேல்லை? நாலு நாட்டுப் படையும் பத்து வருசம் நிண்டது, வியன்னாவும் நாலு கூறு, நடு ஊரில நாலு நாட்டுப் பட்டாளமும் ஒரே ஜீப்பில ஏறி ரோந்து போனது.

ரெண்டு நாளா உதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். கார்ல் றென்னர் எண்ட கிழவர் 1945 சித்திரையில ஒரு அரசாங்கம் போட்டார். ரஷ்யாதான் தூக்கி வைச்சது, அதால மற்றவைக்கு முதல் சந்தேகம், ஆனா ஐப்பசியில அவையும் ஓம் எண்டிட்டினம். கார்த்திகையில நாடு முழுக்க ஒரே தேர்தல், கம்யூனிஸ்டுகளுக்கு 4 சீற். நாலு படை நிண்டாலும் ஒரு அரசாங்கம், ஒரு காசு. 1955 வைகாசி 15 ஒப்பந்தம் வைச்சு எல்லாப் படையும் வெளிக்கிட்டுது. ஜெர்மனியில 1948 ஆனி 20 மேற்குப் பக்கம் புதுக் காசு அடிச்சுவிட, கிழக்குப் பக்கம் பழைய நோட்டில கூப்பன் ஒட்டி ஓட்ட, ஆனி 24 பெர்லினைச் சுத்திப் பாதை எல்லாம் பூட்டு. கொரியாவில அதே வருசம் வைகாசி 10 தெற்கில தனித் தேர்தல், 14 வடக்கு கரண்டை வெட்டிட்டுது, தெற்கு இருட்டு. அப்ப எனக்குப் படுகிறது என்னெண்டா, நாட்டைப் பிரிக்கிறது கோடும் இல்லை கம்பியும் இல்லை, காசு அடிக்கிற இடமும் சம்பளம் குடுக்கிற இடமும் ரெண்டாப் போறதுதான். மதில் எல்லாம் பேந்து வாறது, பெர்லின் மதில் 1961 இல, காசு பிரிஞ்சு 13 வருசத்துக்குப் பிறகு.

இதை நான் புத்தகத்தில இருந்து மட்டும் சொல்லேல்லை. 2002 இல யாழ்ப்பாணம் போற ஏ9 வீதி திறந்து 2006 ஆவணியில பூட்டும் மட்டும் கொழும்புக்குப் போய்வந்த எல்லாருக்கும் தெரியும். முகமாலையில இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, திருப்பி ஏறி, மற்றப் பக்கத்தில திருப்பி இறங்கி, போம் நிரப்பி, புலியளின்ர கையில இருந்த வன்னி முழுக்க ஓடி, ஓமந்தையில இதையே தலைகீழாச் செய்யோணும். நேரமும் மாறும். 1996 இல அரசாங்கம் மணிக்கூட்டைத் தூக்கி வைச்சது, வன்னியில பழைய நேரம்தான் ஓடினது, அரை மணித்தியாலம் வித்தியாசம். பஸ் எத்தினைக்கு எண்டு கேட்டா, புது நேரமோ பழைய நேரமோ எண்டு திருப்பிக் கேப்பினம். (2006 சித்திரையில கொழும்பு பழையபடி வந்திட்டுது. 2015 இல வடகொரியா இதே அரை மணித்தியால வேலையைச் செய்து 2018 இல திருப்பி வைச்சதை வாசிச்சு நான் விழுந்து விழுந்து சிரிச்சன்.)

வெளியால இருந்து பாக்கிறவனுக்கு அது ரெண்டு நாடு. ஆனா என்ர தங்கச்சி கிளிநொச்சியில ரீச்சர், சம்பளம் கொழும்பால. பொக்கற்றுக்க இருந்தது அதே ரூபா. சாதாரண தரம், உயர்தரம் சோதினைப் பேப்பர் கொழும்பில இருந்துதான் சீல் வைச்சு வந்தது, சண்டை நேரத்திலயும் வந்தது. கச்சேரி (அரசாங்கக் கந்தோர்) நடந்தது. அரைவாசிதான் பிரிஞ்சிருந்தது எண்டு நான் சொல்லுறது அதாலதான். இதை அரசியலா எடுத்து என்னோட சண்டைக்கு வராதேங்கோ, ஆர் சரி ஆர் பிழை எண்டு சொல்லேல்லை, என்ன நடந்தது எண்டு சொல்லுறன்.

செப்டம்பர் 10
ஓம், சண்டைக்கு வந்திட்டினம். அவை எழுதினதுகளை அழிச்சுப் போட்டன்.

செப்டம்பர் 12
சிவப்பு யப்பானுக்கு ஆர் தலைவர் எண்டு தம்பி கேட்டிருக்கிறீர். உம்மட கேள்வியள் எல்லாம் சின்னன் மாதிரி வந்து என்ர நித்திரையைக் கெடுக்குது.

வடகொரியாவுக்கு ரஷ்யாட்ட ஆள் இருந்தது. கிம் இல் சுங் ரஷ்யப் படையில கப்ரின் தரத்தில இருந்திட்டு 1945 செப்டம்பரில வொன்சானில வந்து இறங்கினவர். யப்பான் கம்யூனிஸ்ட் பெரியாக்கள் எங்க? தொகுடா கியூஇச்சி 18 வருசம் மறியலில. 1945 ஐப்பசியில வெளியால விட்டது ஆர், அமெரிக்கன்! வெளியால வந்த உடன அவையள் அமெரிக்கப் படையை விடுதலைப் படை எண்டு வாழ்த்தினவை, அஞ்சு வருசத்தில அதே படை அவையளைப் பிடிச்சு வெளியால எறிஞ்சது. நோசாகா சான்சோ மாவோவோட யெனானில இருந்திட்டு 1946 தையில தோக்கியோவுக்குத்தான் வந்தவர். தலைவர்மார் எல்லாரும் அமெரிக்கன்ர பக்கத்தில. ரஷ்யாட்ட இருந்தது கைதியள். சுமார் 6 லட்சம் பேர், அவைக்கெண்டு ஹபரோவ்ஸ்கில யப்பான் மொழியில ஒரு பேப்பர் அடிச்சு, வகுப்பு வைச்சு, அதில கொஞ்சப்பேர் நல்லாத் தேறி வந்தும் இருக்கினம். வட ஹொக்கைடோ நடந்திருந்தா அதிகாரியள் அவையாத்தான் இருந்திருப்பினம், சைபீரியாவில மரம் வெட்டின பெடியள்.

ஆனா எனக்கு இப்ப அந்தச் சிவப்பு யப்பான் எண்ட நாடே வந்திருக்குமோ எண்டு சந்தேகம். 1945 இல யப்பான் முழுக்க 7 கோடியே 20 லட்சம் சனம், ஹொக்கைடோ முழுக்கவே 35 லட்சம், அதில வடக்குப் பாதி எண்டா இன்னும் குறைவு. இதை வைச்சு என்னெண்டு ஒரு போட்டி நாடு நடத்திறது? சகாலினில என்ன செய்தவை எண்டு பாருங்கோ. நாடு ஒண்டும் அமைக்கேல்லை, மண்ணைத் தங்கட எண்டு சேத்தவை, யப்பான் சனத்தை 1949 மட்டும் கப்பலில ஏத்தி அனுப்பினவை. யப்பான்காரன் கூலிக்குக் கொண்டுபோய் இறக்கின கொரியாக்காரரை மட்டும் ஒருத்தரும் ஏத்தேல்லை, அதுகளில கனபேர் ஊர் பாக்காமச் செத்ததுகள். இதுதான் வட ஹொக்கைடோவுக்கும் நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன். கொரியா மாதிரி ரெண்டு நாடு இல்லை, இப்ப குரிலுக்கு நடக்கிற இழுபறி மாதிரி ஒண்டு, ஆனா பெரிசு.

ரெயில் மட்டும் மொஸ்கோ நேரத்தில ஓடியிருக்கும். சோவியத்தில எந்த மூலையில ஏறினாலும் ரெயில் அட்டவணை மொஸ்கோ நேரம்தான். ஆசாஹிகாவாவில மத்தியானம் சாப்பிட்டிட்டு விடியப்பறம் ரெயில் ஏறலாம்.

செப்டம்பர் 13
எங்கட ஊரில கம்யூனிசம் எண்டா எப்பிடி எண்டு இளசுகளுக்குத் தெரியாது போல. சோவியத் நாடு புத்தகம் வரும், வழுவழு எண்டு கலர்த் தாள், வாசிக்கிறதை விடக் கொப்பிக்கு உறை போடத்தான் எங்களுக்கு ஆசை. யாழ்ப்பாணத்தில கம்யூனிஸ்ட் நாடு, முதலாளி நாடு எண்டு பிரிஞ்சிருக்காது, 1964 இல எங்கட கம்யூனிஸ்ட் கட்சி பிரிஞ்ச மாதிரி மொஸ்கோப் பக்கம், பீக்கிங் பக்கம் எண்டுதான் பிரிஞ்சிருக்கும், முற்றவெளியில செக்பொயின்ற். பகிடிதான், ஆனா 1966 இல சுன்னாகத்தில இருந்து சாதிக் கொடுமைக்கு எதிரா ஊர்வலம் போனதும் பேந்து எல்லாரையும் உள்ளுக்க விடச் சொல்லி மாவிட்டபுரத்துக் கோயில் வாசலில நிண்டதும் அந்தப் பீக்கிங் பக்க ஆக்கள், அதையும் சொல்லோணும்.

எங்கட ஒழுங்கையில ஒரு தோழர் ஐயா இருந்தவர். 90 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கினாப்பிறகு கரண்ட் இல்லை, பற்றறி தடை, சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டிப் பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட காலம். 91 மார்கழியில சோவியத் முடிஞ்சுது எண்டு பி.பி.சி. தமிழோசையில போகுது. ஐயா கேட்டுக்கொண்டிருந்திட்டு, "நிப்பாட்டடா சைக்கிளை" எண்டார். பெடியன் நிப்பாட்டிட்டான். செய்தியும் நிண்டுட்டுது. அடுத்த நாள் வந்து, முழுக்கக் கேக்காம ஒண்டும் சொல்ல ஏலாது எண்டு வாதாடினவர்.

செப்டம்பர் 15
இதை முதலே எழுதியிருக்கோணும், நினைவு வந்தது இப்பதான். யப்பான் பிரியேல்லை எண்டு எல்லாரும் கதைக்கிறம். பிரிஞ்சது! தெக்கால கிடக்கிற ஒகினாவாத் தீவு.

அதுவும் எந்த ஒப்பந்தத்தால? சன் பிரான்சிஸ்கோ ஒப்பந்தம், மூண்டாம் பிரிவு. யப்பானுக்கு 1952 சித்திரை 28 சுதந்திரம் வருது, ஒகினாவா அமெரிக்கன்ர கையில கிடக்குது, 1972 வைகாசி 15 மட்டும். 1958 இல இருந்து அங்க ஓடின காசு அமெரிக்க டொலர். தோக்கியோவுக்குப் போக பாஸ்போட் மாதிரி ஒரு பத்திரம் வேணும். வாகனம் வலப்பக்கம் ஓடினது, திருப்பிக் குடுத்து ஆறு வருசத்துக்குப் பிறகு, 1978 ஆடி 30, ஒரே நாளில இடப்பக்கம் மாத்தினவை. 1958 இல ஷுரி பள்ளிக்கூடத்துப் பெடியள் யப்பான் பள்ளிக்கூடப் பேஸ்போல் போட்டி நடக்கிற கோஷியென் மைதானத்துக்கு விளையாடப் போனவங்கள். தோத்துப்போனாப்பிறகு அந்த மைதானத்து மண்ணை அள்ளிக்கொண்டு போறது அங்க வழமை. கப்பல் ஒகினாவாவுக்கு வர, வெளிநாட்டு மண் உள்ளுக்க விட ஏலாது எண்டு வாங்கிக் கடலில கொட்டிட்டினம்.

எந்தப் பக்கம் கம்யூனிஸ்ட்? ஒருத்தரும் இல்லை. ரெண்டும் முதலாளிப் பக்கம்தான்.

செப்டம்பர் 15, இரவு
ரொறன்ரோ அண்ணை சும்மா இருப்பாரோ. "காசு பிரிஞ்சா நாடு பிரிஞ்சுது எண்டு 10ஆம் தேதி எழுதினீர், ஒகினாவா டொலரில ஓடியும் திரும்பி வந்ததே" எண்டு கேக்கிறார்.

ஓம், நியாயம். அங்க ஒட்டி வைச்சிருந்தது பள்ளிக்கூடம். யப்பான் பாடப்புத்தகத்தை வைச்சுத்தான் படிப்பிச்சவை, திரும்பிப் போகோணும் எண்டு முன்னுக்கு நிண்டு ஊர்வலம் போனதும் ரீச்சர்மார்தான். அப்ப சம்பளத்தை விடப் பாடப்புத்தகத்துக்குப் பலம் கூடவோ? வன்னிக்கு ரூபா போனதை விடச் சோதினைப் பேப்பர் போனதுதான் பெரிய விசயமோ? தங்கச்சியிட்டக் கேட்டன். "சம்பளம் பிந்தினா ஒருத்தரும் பெரிசா ஒண்டும் கேக்கமாட்டினம், சோதினை பிந்தினா தாய் தேப்பன் வாசலில வந்து நிக்கும்" எண்டா. அதோட நான் அண்ணையின்ர பக்கம் சாஞ்சிட்டன். கொரியாவில ரெண்டு பக்கமும் சரித்திரப் புத்தகத்தை வேற வேறயா எழுதித் தலைமுறை மூண்டு போச்சு. காசை ஒரு கிழமையில மாத்தலாம். ஜெர்மனியில 1990 ஆடி 1 மாத்தினவை.

செப்டம்பர் 17
கொக்குவில் தம்பி: இலங்கை பிரிஞ்சிருந்தா வடக்கு சிவப்போ தெற்கு சிவப்போ?

1956 இல பருத்தித்துறையில பொன். கந்தையா கம்யூனிஸ்ட் கட்சியில வெண்டவர், அதை வைச்சு வடக்குத்தான் எண்டு சொல்லலாம் எண்டு நினைக்கிறீர். எனக்கு நம்பிக்கை இல்லை. 1971 இல ஆயுதம் தூக்கின பெடியள் தெற்கில. எங்கட சனம் மலாயா, சிங்கப்பூர், கொழும்பு எண்டு போய் உத்தியோகம் பாத்து மணியோடர் அனுப்பிக் கல்வீடு கட்டின சனம், சீதனமும் காணியும் வட்டியும் கதைக்கிற சனம். இஞ்ச கூட்டுப்பண்ணை வைச்சா ஆர் கிணத்துக்கு முதல் துலா எண்டு முதல் நாளே வழக்கு.

ஆனா ஒரு விசயம். யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம் எது எண்டு கேளுங்கோ, பிரதமர் சிறிமா காலம் எண்டுதான் சொல்லுவினம். 1970 இல இருந்து 77 மட்டும். வெளியில இருந்து மிளகாய் வெங்காயம் வாறதை நிப்பாட்டின உடன எங்கட செத்தல் மிளகாய்க்குத் தங்க விலை. கொழும்பில பாணுக்குக் கியூ, இஞ்ச தோட்டக்காரன் புதுச் சைக்கிள், வோட்டர் பம்ப், மேள்மாருக்கு நகை. அதே 1970 இல நிதி மந்திரி என்.எம். பெரேரா 50, 100 ரூபா நோட்டைச் செல்லாது எண்டேக்க பெட்டிக்க கட்டி வைச்சிருந்தவை பட்ட பாடும் உண்டு, பெயர் சொல்லேல்லை, சொந்தக்காரர். 77 இல இறக்குமதியைத் திறந்து விட மிளகாய் விலை விழுந்துது. சோசலிசம் பேசின ஆட்சியில காசு பாத்து, முதலாளி ஆட்சியில நொடிச்சவன் யாழ்ப்பாணத் தோட்டக்காரன். இதை எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வைக்கிறது?

செப்டம்பர் 17
யேமனும் ரெண்டு நாடா இருந்ததோ எண்டு கேட்டவருக்கு: ஓம், தெற்கு மார்க்சிய அரசு, 1990 வைகாசி 22 சேந்தவை, 94 இல உள்நாட்டுச் சண்டை. சேந்ததோட முடியேல்லை.

செப்டம்பர் 20
வெள்ளவத்தைத் தம்பி கணினியில தேசப்படம் கீறிறன், பாத்துச் சொல்லுங்கோ எண்டு அனுப்பியிருக்கிறார். வடிவாக் கீறியிருக்கிறீர், நிறம் நல்லாயிருக்கு, ஆனா மூண்டு திருத்தம். ஹொக்கைடோவுக்குக் கடலுக்கடியால போற செய்கான் சுரங்கப்பாதையை எடுத்துவிடும், உம்மட படம் 1950 எண்டு போட்டிருக்கு, பாதை திறந்தது 1988. அப்ப ஓடினது அவோமோரிக்கும் ஹகோதாதேக்கும் இடையில ரெயிலை ஏத்திப் போற கப்பல், அதையும் 1945 ஆடியில அமெரிக்க விமானங்கள் அநேகமா எல்லாத்தையும் தாட்டுப்போட்டுது, பேந்து திருப்பிக் கட்டினது. ரெண்டாவது, ஒகினாவாவுக்கு வேற நிறம் குடும்.

மூண்டாவதுதான் பெரிசு. நீர் கோட்டை ரெண்டு ஊரின்ர நடுவாலயும் கீறியிருக்கிறீர். நானும் 8ஆம் தேதி அப்பிடித்தான் அடிமட்டம் வைச்சது. காயிதத்தில ரெண்டு ஊரும் ரஷ்யப் பக்கம் எண்டு கிடக்கு, அப்ப கோடு ஊர்களுக்குத் தெக்கால போகோணும். ஒரு பத்து கிலோமீற்றர் இறக்கிப் பாரும். காமுய்கோடான் வடக்கால போகும், ஃபுககாவாவும் அங்கால போகும். ருமோய்க்குப் போன ரெயில் ஃபுககாவாவிலதான் பிரிஞ்சது (2023 இல ருமோய்க்கு ஓடுறதை நிப்பாட்டிட்டினம்). ஃபுககாவா அமெரிக்கன்ர பக்கம் நிண்டா ருமோய்த் துறைமுகத்துக்கு ரஷ்யாக்காரன் அமெரிக்கன்ர ஸ்ரேசனுக்குள்ளால போகோணும், விடுவானோ? குஷிரோவுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, அபாஷிரிக்குப் போற பாதை முழுக்க வடக்காலயே ஓடுது. ஆனபடியா முதல் சண்டை ஆசாஹிகாவாவுக்கு இல்லை, ஃபுககாவா ஸ்ரேசனுக்குத்தான். கோட்டை இறக்கிப்போட்டுத் திருப்பி அனுப்பும், ரெயில் பாதையளைக் கறுப்பில தடிப்பாப் போடும், என்ர கண்ணுக்கு மெல்லிசாத் தெரியுதில்லை.